நின்று படிக்கும் விஞ்ஞானம்

செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றாகிய கொத்தமங்கலத்தில் பிறந்து, அங்கிருந்தே காரைக்குடிக்குப் பேருந்தேறிப் படித்து, பின்னர் ஆராய்ச்சி மாணவராக உயரும் ஓர் இளைஞருக்கு விஞ்ஞான உலகத்தின் வாசல் வீட்டருகிலேயே திறந்திருப்பது பெரும் பாக்கியம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் மனமுவந்து அளிக்க, 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை இவ்வட்டாரத்தார் ‘சிக்ரி’ என்று உரிமையோடு அழைக்கிறார்கள். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்து சேர்ந்தது. இத்தகைய ஸ்தாபனங்களில் பயிலும் மாணவர் முதன்முதலாக ஒரு மகாநாட்டுக்குப் புறப்படும்போது எடுத்துச் செல்வது பெரும்பாலும் மேடைப் பிரசங்கமன்று; குழலுக்குள் சுருட்டி வைத்த ஒரு சுவரொட்டியே.

இவ்வழக்கம் மிகப் பழையதுமன்று. ஆராய்ச்சியாளர் தொகை பெருகி, எல்லாரையும் மேடையேற்றிப் பேசவைக்க மண்டபமும் நேரமும் போதாமற்போன காலத்தில், ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு 1969இல் மாட்ரிட் நகரில் நடத்திய கூட்டத்தில் சுவரொட்டி அமர்வு இடம் பெற்றது. 1974இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலும் அது நுழைந்தது. இடநெருக்கடிக்குப் பரிகாரமாகப் பிறந்ததாயினும், மேடைப்பேச்சுக்கு இல்லாத ஒரு விசேஷம் இதற்கு உண்டு. கேட்பவர் தாமே நடந்து வந்து, வேண்டிய இடத்தில் நின்று, கண்ணெதிரே நிற்கும் ஆராய்ச்சியாளரிடம் கூச்சமின்றிச் சந்தேகம் கேட்கிறார். மூத்த விஞ்ஞானியும் முதலாண்டு மாணவரும் ஒரே பலகைக்கு முன் சமமாக நின்று பேசுவது வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே சுவரொட்டியைத் தயாரிப்பவர் முதலில் எண்ண வேண்டியது நின்று பார்ப்பவரின் கண்ணைத்தான். நம்முள் பெரும்பாலோர் கணினித் திரையை ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அமைத்துவிடுகிறோம். கூட்டத்தில் வருபவரோ ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறார். ஆரோக்கியமான மனிதக்கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்பது பௌதிகம் காட்டும் அளவு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் அக்கோணம் 0.44 மில்லிமீட்டராக விரிகிறது. அதாவது அங்குலத்துக்கு 58 புள்ளிகளுக்கு மேல் நெருக்கமாக அச்சிட்டாலும், அங்கே நிற்பவரின் கண் அவற்றைத் தனித்தனியே காண்பதில்லை. அருகில் வந்து உற்றுப் பார்ப்பவரையும் கருதி அங்குலத்துக்கு 150 புள்ளி வைத்துக்கொண்டால் தாராளமாகப் போதும். ஆனால் கைப்பேசியில் நண்பர் அனுப்பிய, 800 புள்ளி அகலமே உள்ள ஒரு படத்தை 60 சென்டிமீட்டருக்கு இழுத்துப் பெரிதாக்கினால், ஒவ்வொரு புள்ளியும் 0.75 மில்லிமீட்டர் சதுரமாகி, கண்ணின் எல்லையைக் கடந்து கட்டம் கட்டமாக வெளிப்பட்டுவிடும். மாதக்கணக்கில் சோதனைக்கூடத்தில் பாடுபட்டு எடுத்த மின்னணு நுண்ணோக்கிப் படம் இப்படிச் சிதைந்து தொங்குவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. மூலக்கோப்பைத் தேடி எடுக்கும் சிறு சிரமம் அதைத் தவிர்த்திருக்கும்.

எழுத்துக்கும் இதே நியாயம். 24 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறைந்த எழுத்து, ஒன்றரை மீட்டரில் நிற்பவருக்குப் பயன்படாது. தலைப்பு 80 புள்ளிக்கு மேல் இருப்பது நலம். பொதுவாக வழங்கும் ஏ-0 தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அதன் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். அவ்வளவு இடம் கிடைத்துவிட்டதே என்று ஆராய்ச்சிக் கட்டுரை முழுவதையும் அதில் இறக்கிவிடுவோர் பலர். கண்டறிந்த முடிவை ஒரே வாக்கியமாக்கித் தலைப்புக்கருகில் பெரிய எழுத்தில் வைத்து, இரண்டு மூன்று வரைபடங்களோடு நிறுத்தி, மற்றவற்றை வாயால் சொல்வதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். சிவப்புக்கோடும் பச்சைக்கோடும் அருகருகே ஓடும் வரைபடம், நிறக்குருடு உள்ளவருக்கு ஒரே கோடாகத் தோன்றக்கூடும். நீலமும் ஆரஞ்சும் அக்குறையைத் தவிர்க்கும்.

அச்சுக்கடையில் நேரும் சங்கடங்கள் வேறுவகை. மாணவர் பென் டிரைவில் கொண்டுவந்த கோப்பைக் கடைக்காரர் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறக்கிறார். அந்தக் கணினியில் உரிய தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலோ, மென்பொருள் பழையதாக இருந்தாலோ, ‘கொத்தமங்கலம்’ என்ற பெயரின் முதலெழுத்தே உடைந்துபோகிறது. ‘கொ’ என்பது யுனிகோடில் ககரத்தையடுத்து ஓர் உயிர்க்குறியாகவே பதிவாகிறது. அக்குறியைப் பிளந்து கொம்பை இடப்புறத்திலும் காலை வலப்புறத்திலும் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அவ்வேலையை அது செய்யத் தவறினால், கொம்பு இடம் மாறி ஒரு புள்ளிவட்டத்தின் அருகில் அநாதையாக நிற்கும். எழுத்துகளையெல்லாம் ‘கர்வ்ஸ்’ எனப்படும் கோட்டு வடிவங்களாக்கியோ, எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். ஆக மாற்றியோ கொண்டுசென்றால் இத்தொல்லை இல்லை.

பிறகு நிறம். திரை, சிவப்பு பச்சை நீலம் ஆகிய ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சோ சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய மைகளால் வெள்ளொளியின் பகுதிகளை விழுங்கி நிறம் காட்டுகிறது. ஒளியால் எழும் சில பிரகாசமான நீலங்களும் பச்சைகளும் மையினால் எட்ட முடியாதவை. அவை தாளில் மங்கித்தான் வரும். முதலிலேயே ஒரு சிறு துண்டைச் சோதனையாக அச்சிடச் சொல்வது புத்திசாலித்தனம். அச்சுத்தலை இடமும் வலமுமாக ஓடி ஓடி, பட்டைபட்டையாகத் தாளை நகர்த்தி மைத்துளிகளைத் தூவும்போது ஏதேனும் ஒரு நுண்துளை அடைபட்டிருந்தால், நிறம் பரந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு குறுக்கே ஓடும்; பொறுமையுள்ள கடைக்காரர் தலையைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டுவார். மை உலருமுன் சுருட்டலாகாது.

தாளைப்போல் கிழியாதது, நனையாதது என்பதால் பலர் பிளக்ஸையே கேட்கிறார்கள். பாலியெஸ்டர் வலையின்மீது பி.வி.சி. பூசியதே பிளக்ஸ். பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். அக்குளோரின் உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பெறப்படுவது. அத்தொழிலுக்கான டைட்டேனிய மின்முனைகளை உருவாக்கியதும் சிக்ரியின் சாதனைகளுள் ஒன்று. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்ஸின்களும் எழும் பிளக்ஸை, இரண்டு மணி நேர அமர்வுக்காக அச்சிட்டு எறிவது விஞ்ஞானிகளுக்கு அழகன்று. தாளோ துணியோ போதும்.

அமர்வு முடிந்ததும் சுவரொட்டி என்னவாகிறது? பெரும்பாலும் விடுதியறையின் மூலையில் தூசி படிகிறது. ஆனால் இத்தகைய சிறு பிரசுரங்களின் மதிப்பை அறிந்த மகானொருவர் இதே செட்டிநாட்டில் வாழ்ந்தார். கோட்டையூரைச் சேர்ந்தவரும் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்தவருமான ரோஜா முத்தையா, புத்தகங்களோடு துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. முழுக்கட்டுரையாக வெளிவராமலே நின்றுபோன ஆய்வுகளுக்குச் சுவரொட்டியே சில சமயம் ஒரே சாட்சி. ஆதலால் மகாநாட்டின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கீழ் மூலையில் தவறாமல் அச்சிட்டு, கோப்பின் ஒரு பிரதியைத் தம் கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்குமாறு மாணவர்களையும், அதை வாங்கிப் பட்டியலிட்டு வைக்குமாறு நூலகர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.