செஞ்சியின் யந்திர வைத்தியர்

செஞ்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் ராஜகிரியைப் பார்க்கத்தான் போகிறார்கள். நாமும் அதற்காகவே போனோம். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியர் ஆண்ட கோட்டைகளில் 12-ஐ யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்ததல்லவா? அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. தேசிங்கு ராஜன் கதையைத் திண்ணையில் கேட்டு வளர்ந்த நமக்கு, உலகம் ஒப்புக்கொண்ட பிறகாவது அந்த மலையில் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ரோசம் பிறந்தது. ஏறினோம். ஏறின கதையை வேறொரு சமயம் சொல்லுகிறோம். 800 அடி உயரம் என்பது காகிதத்தில் வாசிக்கும்போது அவ்வளவு பெரிதாகத் தோன்றுவதில்லை என்று மட்டும் இப்போது சொல்லி வைக்கிறோம்.

இறங்கி வந்து ஜாகையில் உட்கார்ந்து, கால்வலி ஆறுவதற்குள் நாலு வரி எழுதிவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தோம். அது கண் விழிக்க மறுத்தது. பொத்தானை அமுக்கினால் ஒரு விளக்கு எரியும், உள்ளே விசிறி சற்று முனகும், பிறகு நிசப்தம். தட்டிப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம். நமக்குத் தெரிந்த யந்திர சாஸ்திரம் அத்துடன் தீர்ந்தது. விடுதிக்காரர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைத்தெருவில் ஒரு தம்பி இருக்கிறார், ஐயா. அவரிடம் எடுத்துப் போங்கள். இந்த ஊர்ப் பெட்டிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர்" என்றார்.

வைத்தியரின் கடை, இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் மூன்றாமவர் உள்ளே நுழைய முடியாத அளவுக்கு விசாலமானது. சுவர் நெடுக மூடி கழற்றிய கணினிகள் குடல் தெரிய அடுக்கியிருந்தன. மேஜைமேல் திருப்புளிகள், வர்ணம் அடிக்கும் தூரிகை ஒன்று, பழைய பல் துலக்கி ஒன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் ஒன்று. இவ்வளவுதான் ஆயுதங்கள். வைத்தியருக்கு முப்பது வயதுக்குமேல் ஒன்றிரண்டு இருக்கலாம். தம் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டால் போன் இன்னும் அதிகமாக அடிக்கும் என்பது அவர் சொன்ன காரணம். சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது.

நம்முடைய பெட்டியை அவர் உடனே தொடவில்லை. கடைசியாக எப்போது வேலை செய்தது, எங்கே வைத்திருந்தோம், மலைமேல் கொண்டுபோனோமா, பையில் வேறென்ன இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். சித்த வைத்தியர் நாடியைப் பிடித்துக்கொண்டு நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதுபோல் இருந்தது. பிறகு அடிமூடியைக் கழற்றினார். 'ரேம்' என்கிற நினைவுப் பட்டையை உருவி, அதன் ஓரத்துப் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்து, ஊதிவிட்டுத் திரும்பச் செருகினார். பெட்டி கண் விழித்தது. பையில் குலுங்கியதில் பட்டை சற்று நகர்ந்திருக்கிறது. பற்களிலும் மாசு படிந்திருக்கிறது.

"இருநூறு ரூபாய், ஐயா."

ரப்பரால் துடைத்ததற்கு இருநூறா என்ற எண்ணம் நம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்தார். "எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்கள். மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி எட்டாயிரம் கேட்டால் மறுபேச்சுப் பேசாமல் கொடுப்பார்கள். எதையும் மாற்றாமல் விட்டதற்குத்தான் இந்தக் காசு" என்றார். நாம் வெட்கத்துடன் கொடுத்தோம். கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு முக்காலியைப் பிடித்து உட்கார்ந்தும் கொண்டோம். ராஜகிரி எங்கேயும் போய்விடாது. இந்த மனிதரின் ஒரு நாளைப் பார்க்க மறுபடி சந்தர்ப்பம் கிடைக்குமா?

அவர் செஞ்சியில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படித்தவர். தமிழ்நாடு அரசாங்கம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஒன்று அவர் கைக்கும் வந்தது. வீட்டில் அதைப் பூஜை அறையில் வைத்துக் குங்குமம் இட்டார்களாம். ஆறாம் மாதம் அது படுத்துக்கொண்டது. பழுது பார்க்கத் திண்டிவனம் போய்வரக் காசில்லாமல், பயந்து பயந்து தாமே திருகாணியைக் கழற்றியிருக்கிறார். தொழில் அங்கேதான் ஆரம்பம். அந்தத் திட்டத்தைப் பற்றிப் பலவிதமான அபிப்பிராயங்கள் உண்டு. கழற்றிப் பார்க்க ஒரு சொந்த யந்திரம் கிடைத்த ஏழைப் பையன்களை யாராவது கணக்கெடுத்தால் தேவலை என்பது நம்முடைய அபிப்பிராயம்.

அன்றைக்கு மாலைக்குள் போன் எத்தனை தடவை அடித்தது என்று எண்ணுவதை நாம் பாதியில் விட்டுவிட்டோம். "சிஸ்டம் ஆன் ஆகவில்லை" என்பார்கள். "விளக்கு எரிகிறதா? விசிறி ஓடுகிறதா? திரைக்கு வரும் வயரை அமுக்கிப் பாருங்கள்" என்று இவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டே, கையில் வேறொரு பெட்டியின் திருகாணியைத் திருகிக்கொண்டிருப்பார். பாதி நோய் போனிலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கட்டணம் கிடையாது. வாங்கவும் வழி கிடையாது. போனில் தீராதவற்றுக்கு மோட்டார் சைக்கிள்.

பின்னால் உட்கார்ந்து நாமும் போனோம். ஓர் அரிசி வியாபாரியின் மண்டியில், தடதடவென்று ஊசிகளால் குத்தி அச்சடிக்கும் பழைய ரக பிரிண்டர் முடங்கிக் கிடந்தது. கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்க அதைவிட்டால் வேறு யந்திரம் இல்லையாதலால், நாகரிக யந்திரங்கள் எத்தனை வந்தாலும் மண்டிக்காரர் அதை விட மாட்டேன் என்கிறார். நாடாவில் சிக்கிய ஒரு காகிதத் துணுக்கை எடுத்ததும் ஓடத் தொடங்கியது. இன்னோர் இடத்தில் மின்சாரப் பெட்டிக்குள் கதகதப்பைத் தேடிப் போன பல்லி ஒன்று தானும் மாண்டு பெட்டியையும் மாய்த்திருந்தது.

மூன்றாவது சங்கதி நமக்கு மிகவும் பிடித்தது. சான்றிதழ்களுக்கு மனுப் போட்டுக் கொடுக்கும் கடை அது. வாசலில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். இணையம் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கமாட்டேன் என்கிறது. நம் நண்பர் திரையின் மூலையை ஒரு தடவை பார்த்தார். அங்கே 2009-ஆம் வருஷம் ஜனவரி மாதம் நடந்துகொண்டிருந்தது! கணினிக்குள் நாணயம் போன்ற மூன்று வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத வேளையில் தேதியைக் காப்பாற்றி வைப்பது அதன் வேலை. அது தீர்ந்துபோனால் யந்திரம் பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை செல்லும் என்று எழுதிய அத்தாட்சிப் பத்திரத்தை ஒவ்வொரு தளமும் காட்ட வேண்டும். 2009-இல் நிற்கிற யந்திரம், "இது இன்னும் அமலுக்கே வரவில்லையே!" என்று கதவைச் சாத்திவிடுகிறது. புது மின்கலம் போட்டுத் தேதியைத் திருத்தியதும் பத்துப் பேரும் இந்த நூற்றாண்டின் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

போகிற இடமெல்லாம் அவரிடம் கேட்கிற கேள்வி ஒன்று: "தம்பி, விண்டோஸ் பத்து நின்றுவிட்டதாமே, பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?" மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்போ பழைய யந்திரங்கள் பலவற்றில் ஏறுவதில்லை. திருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நண்பர் 2017-ஆம் வருஷத்தைச் சொல்லுவார். அந்த ஆண்டு மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற பணயத் தொற்று 150 நாடுகளுக்கு மேல் பரவி, லட்சக்கணக்கான கணினிகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. அதைத் தடுக்கும் தாழ்ப்பாள் மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. மாட்டிக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். ஜுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் காத்துக் கிடந்த ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தூக்கிப் போடச் சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. பழைய பெட்டிகளில் கட்டணமில்லாத லினக்ஸை ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். நம் நாட்டு ஸீடாக் ஸ்தாபனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அவருக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியில் அதுவும் இருந்ததாம்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியபோது ஓர் அம்மாள் துணிப் பையில் ஒரு கணினியை அணைத்துக்கொண்டு காத்திருந்தார். காலஞ்சென்ற தகப்பனாருடையது. அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்று வட்டாரத்துக் கிராமம் கிராமமாகப் போய், ஏரி, மதகு, அம்மன் கோயில், இடிந்த மண்டபம், கிழவர்கள் சொன்ன கதை எல்லாவற்றையும் பல வருஷ காலம் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். காகிதத்தில் பிரதி இல்லை. யந்திரம் ஒரு வாரமாகத் திறக்கவில்லை.

"யாராவது ஏதாவது செய்தார்களா, அக்கா?"

"என் மைத்துனர் மகன் ரிப்பேர் என்று ஏதோ ஓட்டினான், தம்பி. அதற்கப்புறம் அதுவும் இல்லை."

அதுவரையில் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர் கடையில் ஓடிய விசிறியை நிறுத்திவிட்டு, தகட்டுப் பெட்டியைத் தனியே எடுத்து, மின்சாரம் கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். நாமும் மூச்சை அடக்கிக்கொண்டோம். டக், டக் என்று அடித்தால் உள்ளே எழுதும் முனை ஒடிந்துவிட்டது என்று பொருளாம். அப்படியானால் இந்த ஊரில் ஒன்றும் செய்யக் கூடாது. தூசி புகாத அறை வைத்திருக்கும் பட்டணத்துச் சாலைக்குத்தான் அனுப்ப வேண்டும். அடிக்கவில்லை. சீராகச் சுற்றியது.

இந்தத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதல் வெளியிட்ட இவ்வகைச் சாதனத்தில் இரண்டடி அகலமுள்ள 50 தகடுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் தகடு அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு கொள்ளும். மடிக்கணினியில் அது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. படிக்கும் முனை, தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில், தகட்டைத் தொடாமல் மிதக்கிறது. ஒருவர் தம் ஆயுட்காலத்து உழைப்பை அந்த இடைவெளியில் நம்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாமும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அம்மாளைப் பார்த்து அனுதாபப்பட்ட நாம், நம்முடைய பத்து வருஷத்துக் குறிப்புகளுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று யோசித்தபோது, அடிவயிற்றில் ஏதோ செய்தது.

நண்பர் தகட்டைத் திறக்க முயலவில்லை. 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, உள்ளதை உள்ளபடி வேறொரு தகட்டுக்கு நகல் எடுக்கத் தொடங்கினார். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான பகுதிகளைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டிப் பார்ப்பது அதன் முறை. பழுதான தகட்டில் ரிப்பேர் ஓட்டுவது, காயத்தைக் கட்டாமல் நோயாளியை நடக்கச் சொல்வதுபோல என்றார். ராத்திரி முழுவதும் ஆகும். மின்சாரம் நிற்கக்கூடும் என்று பாட்டரியைச் சரிபார்த்துவிட்டு, பாயை விரித்து அங்கேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாம் போனபோது அம்மாள் நமக்கு முன்பே வந்திருந்தார். கோப்புகள் வந்திருந்தன. முதல் கோப்பைத் திறந்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கலந்து கிடந்தன. "போய்விட்டதா, தம்பி?" என்றார்.

போகவில்லை. ஆசிரியர் 'பாமினி' என்ற பழைய எழுத்துருவில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து எழுத்துருக்களில் தமிழ் எழுத்துக்குக் கணினியினுள் தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் ஆசனத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருந்தார்கள். நாம் 'அம்மா' என்று பார்ப்பது அதற்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். உருவம் இல்லாத யந்திரத்தில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழுக்குச் சொந்த இடம் 1991-லேயே கிடைத்துவிட்டது. சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாக விசைப்பலகைக்கும் 1999-இல் ஒழுங்கு ஏற்பட்டது. ஆனால் தமிழ்நாடு அரசாங்கம் யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்தான். அதற்குள் எத்தனை பேர் எத்தனை எழுத்துருக்களில் எழுதிக் குவித்துவிட்டார்கள்!

நண்பர் ஒரு பட்டியலிலிருந்து எழுத்துருவைத் தேர்ந்து தட்டினார். திரையில் தமிழ் வந்தது. அம்மாள் படிக்கவில்லை, எழுந்து கடைக்கு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு எல்லாக் கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றும் வேலை நடந்தது. இரண்டு தனித்தனித் தகடுகளில் பிரதி எடுத்து, "ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், அக்கா. இன்னொன்று கட்டாயம் வேறு ஊரில் இருக்க வேண்டும்" என்று கொடுத்தார். கூலியைக் குறைக்காமல் கேட்டார். அம்மாளும் குறைக்கச் சொல்லவில்லை. நாமும் மூன்றாவதாக ஒரு தகடு வாங்கி, நம்முடைய குறிப்புகளை அங்கேயே பிரதி எடுத்துக்கொண்டோம்.

மூன்று கோப்புகள் மட்டும் வரவில்லை. மூன்றும் மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமங்களைப் பற்றியவை என்று தலைப்பிலிருந்து தெரிந்தது. "இன்னும் இரண்டு நாள் ஓட விடுகிறேன். சில சமயம் நாலாவது சுற்றில் வந்துவிடும்" என்றார். நாம் பஸ் ஏறப் புறப்பட்டபோது பழைய தகடு ஒரு மர முக்காலியின்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அதிர்ச்சி தாங்குவதற்காக அடியில் ஒரு துவாலையை மடித்து வைத்திருந்தார். விசிறியை அப்போதும் போடவில்லை.