ரிவர்ஸில் ஓயாத 'பீப்'

2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். ஓசூரில் எங்கள் மண்டி வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்தால், பின்னால் ஆளே இல்லாவிட்டாலும் 'பீப்' சத்தம் ஓயவில்லை. வயரைப் பிடுங்கிவிட இருந்தோம். மூட்டை இறக்குபவர்கள் குனிந்து நிற்கும் இடம் அது, நல்லவேளை, பிடுங்கவில்லை.

காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது சென்சார். சேறோ கிரானைட் தூசியோ படிந்தால் கணக்கு தப்பும். முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, கைபிரேக் போட்டு, சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரில் வைத்து ஒவ்வொன்றாக விரலால் தொடுங்கள். மெல்லத் துடிக்கும். துடிக்காததை நல்ல ஒன்றுடன் இடம் மாற்றுங்கள். பழுதும் கூடவே போனால் சென்சார். பழைய இடத்திலேயே நின்றால் வயர்.

எங்களுக்கு வயர்தான். பம்பருக்குள் கனெக்டரில் களிம்பு ஏறியிருந்தது. நான்கு சென்சாரையும் மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக்!