கிட்டாருக்குப் பையா, பெட்டியா? அது போற வழியைப் பார்த்து முடிவு பண்ணுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடில் முதல் அகூஸ்டிக் கிட்டார் வாங்குவது பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி ஒண்ணுதான்: "கிட்டார் வாங்கியாச்சு. கூடவே ஒரு கருப்பு உறை ஃப்ரீயா குடுத்தாங்க. அது போதுமா?"

வீட்டில் தூசி படாமல் இருக்க அது போதும். வாசலைத் தாண்டினா போதாது. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, நான் உடைச்ச ஒரு கிட்டாரோட கதையைச் சொல்லணும். அது என் கிட்டார்கூட இல்லை.

டீக்கடைச் சுவர்

கல்லூரி இரண்டாம் ஆண்டு. கல்ச்சுரல்ஸுக்காக ஒரு சீனியர் அக்காகிட்ட கிட்டார் இரவல் வாங்கினேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் அவங்க வாங்கினது. கடையில் கொடுத்த மெல்லிய உறையிலேயே போட்டுத் தந்தாங்க. மின்சார ரயில் கூட்டத்தில் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடிச்சுக்கிட்டுப் போனேன். வாசிச்சேன். திரும்பி வரும்போது டீ குடிக்க நின்னோம். கிட்டாரைச் சுவரில் சாய்ச்சு வச்சேன். யாரோ நகர்ந்ததில் பை வழுக்கி, மல்லாக்க விழுந்தது. எந்த உயரத்திலிருந்தும் இல்லை, நின்ன இடத்திலிருந்து அப்படியே சாய்ஞ்சது.

பையைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. திறந்து பார்க்கணும்னுகூடத் தோணலை. ராத்திரி ஹாஸ்டலில் ஜிப்பைத் திறந்தப்போ, கிட்டாரோட தலை தனியா கம்பியில் தொங்கிட்டு இருந்தது.

அக்காவுக்கு ஃபோன் பண்ணேன். நான் பாதி சொல்றதுக்குள்ள அவங்க கேட்டது: "சாய்ச்சு வச்சியா?"

ஏன் அந்த இடத்திலேயே உடையுது?

ரிப்பேர் செய்யறவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் இன்னொரு கிட்டாரை எடுத்து, மேசையில் மல்லாக்க வச்சுக் காட்டினார். ட்யூனிங் கீ இருக்கிற தலைப்பகுதியை ஹெட்ஸ்டாக்னு சொல்றோம் இல்லையா, பெரும்பாலான அகூஸ்டிக் கிட்டார்களில் அது கழுத்தின் நேர்கோட்டில் இருக்காது. பின்பக்கமாக 10 முதல் 17 டிகிரி வரை சாய்ந்திருக்கும். கம்பிகள் நட் மேல் நல்லா அழுந்தி உட்காரணும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதனால் கிட்டார் மல்லாக்க விழுந்தால், நீட்டிக்கிட்டு இருக்கிற அந்தத் தலை நேரா தரையில் இடிக்கும்.

இடி விழும் அந்தத் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில்தான் மரம் மிக மெலிசு. சாய்வாக அறுப்பதால் மரத்தின் நார் அங்கே குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். சில கிட்டார்களில் ட்ரஸ் ராடைத் திருகுவதற்காக அதே இடத்தில் உள்ளே குடைந்தும் இருப்பார்கள். இதுக்கு மேல கம்பிகளோட இழுவை வேற. ஆறு ஸ்டீல் கம்பிகளையும் சரியாகச் சுருதி சேர்த்தால், லைட் கேஜ் செட்டிலேயே மொத்த இழுவை சுமார் 70 கிலோ. அந்த இழுவை தலையை முன்பக்கமாக வளைக்கப் பார்க்கும். தரையிலிருந்து வரும் இடியும் பின்னாலிருந்து அதே திசையில்தான் தள்ளும். ரெண்டும் சேர்ந்தா, சின்ன இடியே போதும்.

அவர் அப்போ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு: "பை எவ்வளவு தடிமன்னு எல்லாரும் கேக்கறாங்க. தலை எதுல படுத்திருக்குன்னு யாரும் கேக்கறதில்ல."

இன்னைக்கு எபிசோடோட சாரமே இதுதான். நல்ல பையோ பெட்டியோ, கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும். தலையை எதிலும் இடிக்கவிடாது.

நாலு வகை

முதல் வகை, ஃப்ரீயாக வரும் உறை. துணியும் கொஞ்சம் பஞ்சும். மழைத் துளியும் தூசியும் கொஞ்சம் தடுக்கும், இடியைத் தடுக்காது.

இரண்டாவது, பேடிங் உள்ள கிக் பேக். 10 மில்லிமீட்டரிலிருந்து 20, 25 வரை ஃபோம் இருக்கும். விலை கூடின பைகளில் உள்ளே கழுத்துக்குத் தனியாக ஒரு தலையணை, அதன் மேல் பெல்க்ரோ பட்டை, அடியில் கெட்டியான ரப்பர் எல்லாம் இருக்கும். ஒன்று முதல் இரண்டரை கிலோ எடை. தோளில் மாட்டி ஊர் சுற்றலாம்.

மூன்றாவது, ஃபோம் கேஸ். பெட்டி மாதிரி வடிவம், ஆனால் கெட்டி ஃபோமால் செய்து மேலே துணி போர்த்தியது. உள்ளே கழுத்துக்கு வார்த்த பள்ளம் இருக்கும். பையைவிடப் பாதுகாப்பு, பெட்டியைவிட எடை குறைவு. இதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை, ஆனா நிறைய பேருக்குச் சரியா பொருந்தறது இதுதான்.

நான்காவது, ஹார்ட் கேஸ். பிளைவுட் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக். கிட்டாரோட எடையே சுமார் 2 கிலோதான். பிளைவுட் பெட்டி மட்டும் 4, 5 கிலோ வரும். மேலே வேறு சுமை ஏறினாலும் தாங்கும். ஆனா அதைத் தூக்கிக்கிட்டு சென்ட்ரலில் படியேறிப் பாருங்க, அடுத்த வாரமே வீட்டில் விட்டுட்டுப் பழைய உறைக்குத் திரும்பிடுவீங்க. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டி எதையும் காப்பாத்தாது.

உங்க கிட்டார் எப்படிப் போகுது?

அதனால் விலையை விடுங்க, முதலில் வழியைப் பார்ப்போம்.

பைக், ஸ்கூட்டர்: நம்ம ஊரில் பாதிக் கிட்டார் இதில்தான் போகுது. முதுகில் மாட்டினா தலைப்பகுதி உங்க ஹெல்மெட்டுக்கு மேல ஒரு அடி நீட்டிக்கிட்டு இருக்கும். உங்களுக்கு அது தெரியாது. பேஸ்மென்ட் பார்க்கிங் பீமுக்கும் தாழ்ந்த கிளைக்கும் தெரியும். தனியா ஓட்டும்போது பையின் அடி பின்சீட்டில் உட்காரும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் இடி முழுவதும் கிட்டாரின் அடியில் இருக்கும் ஸ்ட்ராப் பட்டனில் இறங்கும். பிக்கப் உள்ள கிட்டாரில் கேபிள் சொருகும் ஓட்டையும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே பைக்காரர்கள் பார்க்க வேண்டியது: தலைக்கு மேல் கெட்டியான தடுப்பு, அடியில் தடித்த ஃபோம், இரண்டு தோள்பட்டைகளும் இறுக்கமாக நிற்பது. 20 மில்லிமீட்டர் கிக் பேக் சரியான தேர்வு.

பஸ், மின்சார ரயில், மெட்ரோ: இங்கே ஆபத்து நெரிசலும் சாய்ச்சு வைக்கிறதும்தான். முதுகில் வேண்டாம், முன்னால் மாட்டிக்குங்க. நல்ல கிக் பேக் போதும்.

கார்: டிக்கியில் வேறு பெட்டிகளோடு போகுதுன்னா ஃபோம் கேஸ். ஒரே ஒரு எச்சரிக்கை. வெயிலில் மூடி நிறுத்தின காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டலாம். மரத்தை ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகும், கம்பிகள் அந்த 70 கிலோ இழுவையை விடாது, பிரிட்ஜ் மெல்லப் பெயர்ந்து எழும்பும். எவ்வளவு விலையுள்ள பெட்டியும் இதைத் தடுக்காது. சாப்பிட இறங்கினாலும் கிட்டாரையும் இறக்குங்க.

ராத்திரி ரயில்: யாரோ அதன் மேல் சூட்கேஸ் வைக்கப் போறாங்கன்னு வச்சுக்குங்க. ஃபோம் கேஸ் அல்லது ஹார்ட் கேஸ். பையாக இருந்தால் மேல் பெர்த்தில் உங்களோடவே படுக்கட்டும்.

விமானம்: ஒரு ட்ரெட்நாட் கிட்டாரின் நீளம் சுமார் 104 சென்டிமீட்டர். கைப்பைக்கான அளவில் அது அடங்காது, அதனால் ஏற்றிக்கொள்வது அந்தந்த விமான நிறுவனத்தின் விருப்பம். பயணத்துக்கு முன்பே கேட்டு வைங்க. செக்-இன் பண்ணித்தான் ஆகணும்னா ஹார்ட் கேஸைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். கனடாப் பாடகர் டேவ் கேரலின் டெய்லர் கிட்டார் 2008இல் விமானச் சரக்கில் உடைந்தது. நஷ்ட ஈடு கிடைக்காமல் அலைந்து, 2009 ஜூலையில் அதைப் பற்றியே ஒரு பாட்டெழுதி யூடியூபில் போட்டார். 'யுனைடெட் பிரேக்ஸ் கிட்டார்ஸ்' உலகம் முழுக்கப் பரவியது. நம்ம எல்லாருக்கும் பாட்டு அப்படி வைரல் ஆகாது. அதனால் பெட்டியில் வைக்கும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்க, தலையைச் சுற்றி ஆடாத அளவுக்கு மெத்தென்ற துணி வைங்க, கழுத்துக்கு அடியில் தாங்கல் இருக்கான்னு பாருங்க.

கடையில் ரெண்டு நிமிஷச் சோதனை

கிட்டாரைக் கையோடு கடைக்கு எடுத்துட்டுப் போங்க. 38 இன்ச், 41 இன்ச் என்று லேபிளில் இருப்பது மொத்த நீளம் மட்டும். அகலம் அதில் தெரியாது. ட்ரெட்நாட்டின் அடிப்பகுதி அகலம் சுமார் 15.6 இன்ச், உடலின் ஆழம் 5 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. கிளாசிக்கல் கிட்டார் அதைவிடக் குறுகல். அந்தப் பையில் ட்ரெட்நாட் போகாது, ட்ரெட்நாட் பையில் கிளாசிக்கல் கிட்டார் உருளும். ஆன்லைனில் வாங்கினால் இந்த மூணு அளவையும் டேப் வச்சு எடுத்துக்குங்க: மொத்த நீளம், அடி அகலம், ஆழம்.

உள்ளே வச்சு மூடி, பையை மெதுவா ஆட்டுங்க. கிட்டார் உள்ளே நகரும் சத்தம் கேட்டா அந்தப் பை வேண்டாம்.

கட்டைவிரலால் ஃபோமை அழுத்துங்க. விரல் பின்பக்கத் துணியைத் தொட்டுட்டா, அது வெறும் பஞ்சு. லேபிளில் 15 மில்லிமீட்டர்னு போட்டிருந்தாலும் பயனில்லை. நல்ல ஃபோம் எதிர்த்து நிற்கும்.

திறந்து வச்சு, கிட்டாரை உள்ளே படுக்க வச்சு, தலைக்கு அடியில் கையை விடுங்க. கழுத்து தாங்கலில் உட்கார்ந்திருக்கணும், தலைக்குக் கீழே இடைவெளி இருக்கணும். தலைதான் முதலில் தொடுதுன்னா, என் டீக்கடைக் கதைதான்.

தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் தையலைப் பாருங்க. சதுரமும் நடுவில் பெருக்கல் குறியும் போல அடிச்சிருந்தா எடை தாங்கும். ஒற்றை வரித் தையல் ஒருநாள் நடுரோட்டில் விடும். துணியில் 600 டெனியர், 1680 டெனியர் என்று போட்டிருப்பார்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவுதான். அதில் மயங்கி ஃபோமை மறக்காதீங்க.

முன் பாக்கெட் எங்கே இருக்குன்னும் பாருங்க. அதில் கேபோவையும் ட்யூனரையும் போட்டா, அது நேராகக் கிட்டாரின் முகப்பலகை மேல் அழுந்தும். அந்தப் பலகை 3 மில்லிமீட்டருக்கும் மெலிசு. இரும்பு சாமானைத் தலைப்பக்கப் பாக்கெட்டில் போடுங்க, இல்லைன்னா தனிப் பையில்.

மழையும் ஈரமும்

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறல் வரைக்கும். நவம்பர் மழைக்கு ஜிப் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். தனியாக ஒரு மழை உறை வாங்கி பாக்கெட்டில் வச்சுக்குங்க. நனைஞ்ச பையில் கிட்டாரை ராத்திரி முழுக்க விடாதீங்க; வந்ததும் வெளியே எடுத்து, பையைத் திறந்து காய வைங்க.

கிட்டார் மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னைக் காற்றில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல்; முகப்பலகை உப்பி, கம்பி உயர்ந்து, விரல் வலிக்கும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் வேற பக்கம் போகலாம். ஒரு சின்ன ஈரமானியைப் பெட்டிக்குள் போட்டுப் பாருங்க. கூடினால் சிலிகா ஜெல் வைங்க, குறைஞ்சா எடுத்துடுங்க. கணக்கில்லாமல் அடைச்சா பலகை காய்ந்து வெடிக்கும். கெட்டியாக மூடும் பெட்டியில் ஈரப்பதம் மெதுவாகத்தான் மாறும், பையில் அந்த வசதி இல்லை.

எவ்வளவு செலவு பண்ணலாம்?

8,000 ரூபாய் கிட்டாருக்கு 10,000 ரூபாய் பெட்டி தேவையில்லை. ஆனா 500 ரூபாய் உறையை நம்பவும் வேண்டாம். என் அனுபவத்தில், கிட்டார் விலையில் நாலில் ஒரு பங்கு வரை பைக்கு ஒதுக்கலாம். இரவல் கிட்டார் என்றால் கணக்கே வேற. முதலில் பை, அப்புறம்தான் கிட்டார்.

அக்காவோட கிட்டாரை மரப்பசை போட்டு, கிளாம்ப் வச்சு ஒட்டித் தந்தார். ஒட்டின கோடு இன்னும் தெரியும். வாசிக்க ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனப்போ, கழுத்துத் தாங்கல் உள்ள ஒரு கிக் பேக் வாங்கி அதில் போட்டுக் கொண்டுபோனேன். அவங்க கிட்டாரை வெளியே எடுத்து வாசிச்சுப் பார்த்தாங்க, பையை உள்ளேயும் வெளியேயும் தடவிப் பார்த்தாங்க. அப்புறம், "அடுத்த வருஷமும் வேணும்னா எடுத்துட்டுப் போ. ஆனா டீ குடிக்கும்போது மடியில் வச்சுக்கோ"ன்னாங்க.

அதையேதான் நானும் உங்களுக்குச் சொல்றேன். எந்தப் பை வாங்கினாலும் சுவரில் சாய்க்காதீங்க. படுக்க வைங்க, இல்லைன்னா மடியில் வச்சுக்குங்க.

அடுத்த எபிசோடில் கம்பி மாத்தறது எப்படின்னு பார்ப்போம். அதுவரைக்கும், வாசிச்சுட்டே இருங்க.