வெட்டப் பார்த்த கோடு

எலி சிறுநீரகத்தில் ஈநாக் சோடியம் வாய்க்காலின் காமா துணையலகைத் தேடி வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினேன். 85 கிலோடால்டனில் கோடு வந்துச்சு. உப்பு குறைச்ச எலிகளில் 70-கிட்டயும் ஒண்ணு. அழுக்குன்னு நினைச்சு படத்துல வெட்டிவிடப் பார்த்தேன்.

நல்லவேளை, வெட்டலை. ஆல்டோஸ்டிரோன் ஏறினால் நொதிகள் காமாவின் முன்பகுதியை நறுக்கும். வாய்க்கால் அதிகம் திறக்கும், உப்பு உடம்பிலேயே தங்கும். என் ஆன்டிபாடி பிடிப்பது பின்முனையை. அதனால முழுசும் தெரியும், நறுக்கினதும் தெரியும்.

அதுக்காக உடனே நம்பிடவும் கூடாது. பெப்டைடு கலந்து கோடு மறைஞ்சா மட்டும் போதாது. தப்பான புரதத்தில் ஒட்டினதும் சேர்ந்தே மறையும். காமா இல்லாத செல்லையும் பக்கத்து லேன்ல ஓட்டுங்க. அங்கேயும் கோடு வந்தா, நீங்க பார்த்தது காமாவே இல்லை.