பழைய மோட்டார் சைக்கிள் வாங்குமுன்

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர மோட்டார் சைக்கிள் உதவும். ஆனால் கையிலுள்ள பணத்தைப் பழுதான வண்டியில் போட்டால் மீட்பது கடினம்.

மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். அதை மாற்றி வைக்க முடியும். நாளுக்கு 20 கிலோமீற்றர் வீதம் வருடத்தில் 300 நாள் ஓடிய வண்டி, 8 வருடத்தில் 48,000 கிலோமீற்றர் ஓடியிருக்கும். மீற்றர் 15,000 காட்டினால் காரணம் கேளுங்கள். கால்மிதி இறப்பர், கைப்பிடி, பிரேக் மிதி அதிகம் தேய்ந்திருந்தால், செயின் ஓடும் பற்சக்கரத்தின் பற்கள் கூராகியிருந்தால், வண்டி நிறைய ஓடியிருக்கலாம்.

என்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. முதலில் சமதரையில் இரண்டு பிரேக்கையும் சோதியுங்கள். பிறகு இருவராக மேட்டில் ஏறிப் பாருங்கள். இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளச் தேய்ந்திருக்கலாம்.

பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின், செசி இலக்கங்கள் வண்டியிலும் அப்படியே இருக்க வேண்டும். லீசிங் கடன் முடிந்ததா, வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் உண்டா என்று பாருங்கள். ‘ஓப்பன் பேப்பரில்’ வாங்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முற்பணம் கொடுக்குமுன் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள்.