உபுண்டு 24.04 பதிப்பின் புதிய அம்சங்கள்

லினக்ஸ் பற்றி எழுதும்படி கேட்டால் மாணவர் பலர் “இலவசமானது, திறந்த மூலமானது” என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவர். இது பிழையல்ல. ஆனால் வினாவில் “விளக்குக” என்ற சொல் வந்தால் இவ்விரு சொற்களும் போதா. எனவே 2024 ஏப்பிரல் 25 ஆந் திகதி வெளியான உபுண்டு 24.04 என்னும் பணிசெயல் முறைமையை உதாரணமாகக் கொண்டு, ஒரு புதிய பதிப்பில் உண்மையில் எவை மாறுகின்றன என்பதை நோக்குவோம்.

முதலில் இலக்கத்தைக் கவனியுங்கள். 24 என்பது ஆண்டு, 04 என்பது மாதம். உபுண்டுவின் பதிப்புகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவருகின்றன. அவற்றுள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஆகும். ஏனையவற்றுக்கு ஒன்பது மாதங்கள் மட்டுமே பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும். 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் அதற்கு 2029 வரை, அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு அது கிடைக்கும். ஆதரவுக்காலம் முடிந்த கணினி அன்றே நின்றுவிடாது, வழமைபோல இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைபாடுகள் அதில் திருத்தப்படமாட்டா.

கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். வரைவியல் பயனர் இடைமுகமாக க்னோம் 46 உம், வன்பொருளைக் கட்டுப்படுத்தும் உட்பகுதியாகிய கருனியாக லினக்ஸ் 6.8 உம் இதில் உள்ளன. நிறுவும் முறை புதிதாக்கப்பட்டுள்ளது. நிறுவற் கோப்பு ஏறத்தாழ 6 கிகாபைற்று கொண்டது. முன்னைய பதிப்புகளைப்போல இதனை இறுவட்டில் பதிய முடியாது. 8 கிகாபைற்று பென் டிரைவ் ஒன்று தேவை. செய்முறைப் பயிற்சிக்காக இதனை நிறுவும் மாணவர் ஒன்றை அவதானிக்க வேண்டும். இயல்பிருப்புத் தெரிவில் இணைய உலாவியும் சில சிறு கருவிகளும் மட்டுமே நிறுவப்படும். சொல்முறைவழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை ஆகியவற்றுக்கான லிபரே ஒபிஸ் வேண்டுமாயின் விரிவான தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது பின்னர் நிறுவிக்கொள்ள வேண்டும்.

திரையில் தெரியாத மாற்றங்களே இப்பதிப்பில் முக்கியமானவை எனலாம். துவித எண்களைக் கற்ற உங்களுக்கு அவற்றுள் ஒன்று எளிதில் விளங்கும். லினக்ஸ் போன்ற முறைமைகள் நேரத்தை 1970 சனவரி 1 இலிருந்து கடந்த செக்கன்களின் எண்ணிக்கையாகச் சேமிக்கின்றன. இதற்கு 32 பிற்றுகள் ஒதுக்கப்பட்டால், ஒரு பிற்று நேர், மறைக் குறிக்குப் போக எஞ்சுவது 31. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,147,483,647 ஆகும். இத்தனை செக்கன்கள் ஏறத்தாழ 68 ஆண்டுகள். 1970 உடன் 68 ஐக் கூட்டிப் பாருங்கள். இலங்கை நேரப்படி 2038 சனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு அடுத்த செக்கனில் அவ்வெண் நிரம்பி வழிந்து மறைப் பெறுமானமாக மாறும். அக்கணினி 1901 டிசம்பர் எனத் திகதி காட்டும்.

இன்றைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை 64 பிற்று வகையின. அவற்றில் இப்பிரச்சினை இல்லை. 32 பிற்று ஆர்ம் முறைவழியாக்கி கொண்ட சிறு கணினிகளிலேயே அது எஞ்சியிருந்தது. 24.04 இல் அவ்வகைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருட் பொதிகள், நேரத்தை 64 பிற்றுகளில் சேமிக்குமாறு மாற்றப்பட்டன.

மற்றையது பாதுகாப்புப் பற்றியது. இப்பதிப்பின் சோதனை வடிவம் ஏப்பிரல் 4 ஆந் திகதி வெளிவரவிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், மார்ச் 29 இல், அன்ட்ரெஸ் ஃபிரோய்ன்ட் என்ற மென்பொருள் பொறியியலாளர் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார். தொலைவிலிருந்து தம் கணினியினுள் நுழையும்போது வழமையைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதமாவதைக் கண்டு அவர் ஆராய்ந்தார். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் திறந்த மூல மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பிறர் கணினியினுள் இரகசியமாக நுழையும் பின்கதவொன்று மறைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்ற பின்னரே இதனைப் புகுத்தியிருந்தார்.

உபுண்டு 24.04 இன் சோதனைப் பகுதிக்கும் அம்மென்பொருள் வந்து சேர்ந்திருந்தது. கனோனிக்கல் நிறுவனம் அதனை அகற்றியதோடு நின்றுவிடவில்லை. அது வந்த காலத்திலிருந்து 24.04 இற்காக உருவாக்கப்பட்ட பொதிகள் அனைத்தையும் மீண்டும் புதிதாக உருவாக்கியது. சோதனை வடிவம் ஒரு வாரம் பிந்தி ஏப்பிரல் 11 இல் வந்தது. இறுதிப் பதிப்போ குறித்த நாளிலேயே வெளியானது.

“திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் பரிசோதிக்கலாம், ஆதலால் அது பாதுகாப்பானது” என்று எழுதும் விடைக்கு இச்சம்பவம் ஒரு சோதனை. திறந்திருந்தபடியால்தான் அந்நபர் உள்ளே வர முடிந்தது. திறந்திருந்தபடியால்தான் சம்பந்தமில்லாத ஒருவர் மூலகாரணம்வரை தேடிச் செல்லவும் முடிந்தது. பரிசோதிக்கலாம் என்பதற்கும் யாரோ பரிசோதித்தார் என்பதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை ஒரு வரியில் சேர்த்தெழுதும் விடை ஏனையவற்றிலும் தெளிவாக அமையும்.

பயிற்சி: பாடசாலையொன்றின் கணினிகளுக்கு ஒன்பது மாத ஆதரவுடைய புதிய பதிப்பு, ஐந்து ஆண்டு ஆதரவுடைய சற்றுப் பழைய பதிப்பு ஆகிய இரண்டினுள் எதனை நிறுவுவீர்? இரு காரணங்கள் தந்து விளக்குக.