அடுப்படியில் தொடங்கிய மாற்றம்

ஒரு வீட்டினுள் மது நுழைந்தால் முதலில் அணைவது அடுப்புத்தான். கடல் கடந்த மெக்சிக்கோவின் தென்பகுதியில், சியாப்பாஸ் மலைநாட்டுப் பெண்களும் இதை அனுபவித்து அறிந்தவர்கள்.

அங்கே சான் ஹுவான் சாமுலா என்ற பிரதேசத்தில் மாயா இனத்தைச் சேர்ந்த சொட்சில் மக்கள் வாழ்கின்றனர். கத்தோலிக்கமும் மூதாதையர் வழக்கமும் கலந்ததே அவர்களது சமயம். புனிதர்களின் விழாக்களைப் பொறுப்பேற்று நடத்துவது ஆண்களுக்குப் பெருங்கௌரவம். ஆனால் மெழுகுதிரி, வாணவேடிக்கை, 'போஷ்' எனும் கரும்புச் சாராயம் என்று செலவு நீளும், கடன் பெருகும். சாராய வியாபாரமும் வட்டித் தொழிலும் ஊர்ப் பெரிய மனிதர்களின் கையில் இருந்தன. அன்றைய ஆளுங்கட்சியின் செல்வாக்கும் அவர்களுக்கு உண்டு.

1960களின் நடுப்பகுதியில் சுவிசேஷக் கிறிஸ்தவம் அங்கு பரவத் தொடங்கியது. அமெரிக்க மிஷனரிமார் அருகிலுள்ள சான் கிறிஸ்டோபால் நகரிலேயே தங்கியிருந்தனர். மலைக் கிராமங்களுக்குச் செய்தியைக் கொண்டு சென்றவர்கள் சாமுலா மக்களே. புதிய சபையில் மதுவுக்கு இடமில்லை. குடியை விட்டவனின் கூலி வீடு வந்து சேர்ந்தது; அடியும் உதையும் குறைந்தன. அதனாலேயே பல பெண்கள் இம்மாற்றத்தை விரும்பி வரவேற்றனர்.

விழாப் பணம் கொடுக்காதவர்களை ஊர்த் தலைவர்கள் பொறுப்பார்களா? 1974 முதல் ஊர்நீக்கம் தொடங்கியது. வீடு, காணி, ஆடு அனைத்தையும் இழந்து பிற்காலங்களில் வெளியேறியோர் 20,000க்கும் அதிகமென மதிப்பிடப்படுகிறது. அவர்களது முன்னோடித் தலைவரான மிகுவேல் கஷ்லான் 1981இல் கடத்திக் கொல்லப்பட்டார். அவரும் அதே மண்ணில் பிறந்த சொட்சில் மனிதர்தான்.

தலைவர் மறைந்தார், சமூகம் கலையவில்லை. நகரின் ஓரத்தில் 'புதிய நம்பிக்கை' என்ற பொருளில் நுவேவா எஸ்பெரான்சா போன்ற குடியிருப்புகள் எழுந்தன. பெண்கள் தாம் நெய்த துணிகளை விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். ஆயினும் போதகர் பதவி பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தது. புதிய தலைவர்களிடையேயும் அதிகாரப் போட்டி எழாமலில்லை.

1990களின் நடுப்பகுதியில் ஸ்பெயினிலிருந்து முஸ்லிம்கள் சிலர் அந்நகருக்கு வந்தனர். அகதிகளாக வாழ்ந்த சொட்சில் குடும்பங்கள் சில அவர்கள் மூலம் இஸ்லாத்தைத் தழுவின. மதுவை முன்பே துறந்திருந்தவர்களுக்கு நமது மார்க்கத்தின் அந்தத் தடை புதிதாகத் தோன்றியிராது.

சகோதரிகளே! நெருப்பு வைத்தும் ஆளைக் கொன்றும் உள்ளத்து நம்பிக்கையை மாற்ற முடியவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மெக்சிக்கோ மாநிலங்களுள் கத்தோலிக்கர் விகிதம் ஆகக் குறைந்தது சியாப்பாஸில்தான். ஊரைத் திருத்த வருபவர் எவராயினும், அவரது தலைமைத்துவத்தைப் பெண்கள் எடைபோடுவது ஒரே தராசில்தான்: அவர் பேச்சைக் கேட்ட பின்னர் வீட்டில் அடுப்பு எரிகின்றதா? பிள்ளைகள் பயமின்றித் தூங்குகின்றனரா?